வாசகர் கேள்வி, பதில்: முகாமிலிருந்து வந்த வணிக வழக்கறிஞர்

கேள்வி: அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஆண்டனி பிளிங்கனின் வளர்ப்புத் தந்தை நாஜி முகாமிலிருந்து தப்பியவராமே? பெரிய சர்வதேச வழக்கறிஞர் என்றும் சொல்கிறார்கள். யார் அவர்? (வாசகி, திருச்சி)

பதில்: சாமுவேல் பிசார். போலந்தின் பியாலிஸ்டோக் நகரில் 1929-ல் பிறந்த யூதர். ஊரை 1939-ல் சோவியத் படை பிடித்தது, 1941-ல் ஜெர்மானியப் படை. அப்பாவை நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ கொன்றது. ஊர் யூதர்கள் எல்லோரையும் வெளியேற்றிய நாளில், பையனுக்கு அரைக்கால் சட்டை போடுவதா முழுக்கால் சட்டை போடுவதா என்று அம்மா யோசித்திருக்கிறார். அரைக்கால் என்றால் சின்னப் பிள்ளை என்று தன்னோடும் தங்கையோடும் வந்துவிடுவான், முழுக்கால் என்றால் ஆண்களோடு நிற்கவைப்பார்கள், வேலைக்கு ஆவான் என்று உயிரோடு விட்டாலும் விடுவார்கள். முழுக்கால் சட்டையைப் போட்டு அனுப்பினார். அம்மாவும் தங்கையும் பிழைக்கவில்லை. இவர் மைதானெக், ஆஷ்விட்ஸ், தாஹாவ் என்று முகாம் முகாமாகக் கிடந்து, 1945-ல் தப்பி ஓடி அமெரிக்க டாங்கி ஒன்றின் முன்னால் போய் நின்றபோது வயது 16.

பெரும்பாலும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் வருவதுதான் இன்னும் பெரிதாகப் படுகிறது. பள்ளிப்படிப்பு பாதியில் அறுந்துபோன அந்தப் பையன், உறவினர் உதவியால் ஆஸ்திரேலியா போய், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, ஹார்வர்டிலும் பாரிஸிலும் முனைவர் பட்டம் வாங்கினார். கென்னடி காலத்தில் அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொன்னார். 1961-ல் அவருக்கென்றே தனிச் சட்டம் போட்டு அமெரிக்கக் காங்கிரஸ் குடியுரிமை கொடுத்தது.

அவர் எடுத்துக்கொண்ட துறை, பனிப்போர்க் காலத்தில் மேற்கு நாட்டுக் கம்பெனிகளுக்கும் கம்யூனிச நாடுகளுக்கும் இடையிலான வியாபாரம். அது லேசுப்பட்ட வேலை இல்லை. சோவியத் யூனியனில் வெளிநாட்டு வணிகம் முழுக்க அரசு கையில், அதனால் ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு எப்போதும் ஓர் அரசு நிறுவனம்தான். தகராறு வந்தால் மாஸ்கோவில் உள்ள நடுவர் மன்றத்துக்குப் போகவேண்டுமே என்று மேற்கத்தியர்களுக்கு உதறல், அதனால்தான் பிற்பாடு ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் இரு தரப்புக்கும் பொதுவான இடமாக ஆனது. விற்ற சரக்குக்கு டாலரும் கிடைக்காது. 1972-ல் பெப்சி கம்பெனி சரக்கைக் கொடுத்து வோட்கா வாங்கிக்கொண்டது இப்படித்தான். சிறுவயதில் சோவியத் ஆட்சியில் பள்ளிக்குப் போன பிசாருக்கு ரஷ்ய மொழியும் தெரியும், அந்த அமைப்பின் முகமும் தெரியும். எதிரிகள் வியாபாரம் செய்தால் போருக்கு மனசு வராது என்று 1970-லேயே சட்ட நூல் எழுதி வாதாடினார். எல்லா இடத்திலும் அது பலிக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் குடும்பத்தையே பறிகொடுத்த மனிதர் பழிவாங்கலைப் பேசாமல் ஒப்பந்தத்தைப் பேசினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது. 2015-ல் நியூயார்க்கில் காலமானார்.

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் அங்கே வக்கீலாக முடியுமா? பி.எல். முடித்த என் மகன் கேட்கிறான். (வாசகர், மதுரை)

பதில்: முடியும். குடிமக்களுக்கு மட்டும்தான் என்று கனெக்டிகட் மாநிலம் வைத்திருந்த விதியை, நெதர்லாந்துக் குடியுரிமையை விடாத கிரிஃபித்ஸ் என்ற பெண் எதிர்த்து வழக்குப் போட்டார். 1973-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நியூயார்க் மாநிலம் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளை வக்கீல் தேர்வெழுத விடுகிறது. நம் படிப்பின் காலமும் பாடமும் அவர்கள் படிப்புக்கு ஈடாக இருக்கவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் அங்கே எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பைப் படித்துச் சரிசெய்யலாம். உங்கள் மகனை முதலில் சான்றிதழ்களை அனுப்பித் தகுதியை உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள், எல்.எல்.எம்.முக்குக் கடன் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம். தேர்வில் தேறினாலும் வேலை விசா தனி, அதையும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளட்டும்.