பாட்டு பிடிக்கும் என்பது போதுமா? – கடிதம்

வணக்கம்.

வணிகவியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். பாடல்களை வெளியிடும் ஒரு இசை லேபிளில், அவற்றின் விவரங்களைப் பராமரிக்கும் கேட்லாக் பிரிவில் உதவியாளர் வேலைக்கு நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. "என்ன பாட்டு கேட்பீர்கள்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், புதுக் கலைஞர்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போ என்கிறார்கள் நண்பர்கள். நான் அதிகம் கேட்பது பழைய பாடல்கள்தான். தவிர, நானே எழுதிப் பாடி இணையத்தில் வெளியிடுகிறேன். அதைச் சொல்லலாமா, மறைக்கலாமா? இன்னொன்று: இதற்கு முன் வேறொரு நிறுவனம், வரப்போகும் ஆல்பம் ஒன்றுக்கு முழு விளம்பரத் திட்டத்தையும் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டது. அப்புறம் பதிலே இல்லை. இங்கும் வீட்டிலிருந்து செய்ய ஒரு பயிற்சி தருவார்களாம். செய்யலாமா?

க.

அன்புள்ள க.,

பாட்டு ஓடும்போது படைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கணக்கிடும் ராயல்டி பிரிவில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன், ஆரம்பநிலை வேலைக்கு ஆள் எடுக்கவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறைக்குள் வரும் எல்லோருக்கும் இசை பிடிக்கும். சின்ன வயதிலிருந்து இசைதான் என் உயிர் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நாங்கள் தேடியது வேறு. அடுத்தவர் பாட்டை இவரை நம்பி ஒப்படைக்கலாமா? பாடியவருக்கும் எழுதியவருக்கும் காசு போய்ச் சேரும் சலிப்பான வேலையை இவர் பொறுப்பாகச் செய்வாரா?

அதனால் பெயர்ப் பட்டியலை விடுங்கள். உங்களுக்கு நெருக்கமான பழைய பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று. அது இசையமைப்பாளர், பாடலாசிரியர், அவர்களுடைய உரிமையை நிர்வகிக்கும் பப்ளிஷர் பக்கம். ஒலிப்பதிவு இன்னொன்று, மாஸ்டர் என்பார்கள், பெரும்பாலும் லேபிள் பக்கம். ஸ்ட்ரீமிங்கில் ஒரு முறை ஓடினாலும் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஒரு படத்திலோ விளம்பரத்திலோ அந்த ஒலிப்பதிவைப் பயன்படுத்த வேண்டுமென்றால் இரண்டு பக்கத்திலும் அனுமதி வாங்க வேண்டும். ஒரே பாட்டை மூன்று பேர் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்தால், படைப்புக்கு, அதாவது மெட்டுக்கும் வரிகளுக்கும், ஒரே ஐஎஸ்டபிள்யூசி (ISWC) அடையாளக் குறியீடுதான், ஒலிப்பதிவுகளுக்கு ஆளுக்கொன்றாக மூன்று ஐஎஸ்ஆர்சி (ISRC) குறியீடுகள். கேட்லாக் பிரிவில் உங்கள் நாளில் பாதி இந்தக் குறியீடுகளோடுதான் கழியும். ஐஎஸ்ஆர்சியில் மொத்தம் 12 இடங்கள்: முதலில் இரண்டு எழுத்து, அடுத்த மூன்று இடங்கள் பதிவு செய்தவரைக் காட்டுபவை, பிறகு வருடத்துக்கு இரண்டு இலக்கம், கடைசி ஐந்து வரிசை எண். அந்த வருடம் குறியீடு கொடுத்த வருடம், பாட்டு பதிவான வருடம் அல்ல. பழைய பாடல்களை டிஜிட்டலுக்குக் கொண்டுவந்த கேட்லாக்குகளில் இது தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறைய. பழைய பாடல் கேட்பவர் நீங்கள், இதை வைத்தே பேசலாம்.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டத்தின்படி ஸ்ட்ரீமிங் ராயல்டியை வசூலித்துப் பாட்டு எழுதியவர்களுக்கும் பப்ளிஷர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் எம்எல்சி என்ற அமைப்பு உருவானது. யாருடையது என்று பொருத்த முடியாமல் தேங்கிக் கிடந்த ராயல்டியை ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் 2021 பிப்ரவரியில் அதனிடம் ஒப்படைத்தன. அது சுமார் 42.4 கோடி டாலர். பாட்டு ஓடியிருக்கிறது, காசும் வந்திருக்கிறது, எழுதியவர் கைக்கு மட்டும் போகவில்லை. விடுபட்ட பெயர், மாறிப்போன எழுத்துக்கூட்டல், பதிவு செய்யாத பங்கு என்று காரணங்கள் பலவும் இப்படிச் சின்னவைதான். இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வந்தால், அந்தக் கோபத்தோடு நேர்காணலுக்குப் போங்கள். "ஏன் இந்த வேலை?" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

போவதற்கு முன் அந்த லேபிள் வெளியிட்ட நான்கைந்து பாடல்களை இரண்டு செயலிகளில் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். யார் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை? கீழே வட்டத்துக்குள் பி என்று போட்ட வரி இருக்கும், அது ஒலிப்பதிவின் உரிமையாளர். வட்டத்துக்குள் சி என்பது அட்டைப்படம் முதலியவற்றுக்கு. அநேகமாக எங்காவது ஒரு முரண் கண்ணில் படும். ஒரு செயலியில் பாடலாசிரியர் பெயர் இருக்கும், மற்றதில் இருக்காது. நேர்காணலில் இதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவரே அந்தப் பக்கத்தை ஏற்றியவராக இருக்கலாம். "இந்த மாதிரி வித்தியாசம் வந்தால் இங்கே யார், எப்படிச் சரிசெய்வார்கள்?" என்று கேளுங்கள். அதே போல, பங்குக் கணக்கு நூறு சதவீதத்தைத் தாண்டினால், அதாவது ஒரே பாட்டில் இரண்டு பேர் ஆளுக்கு அறுபது சதவீதம் என்று உரிமை கேட்டால், என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம். இப்படிக் கேட்கிற ஒருவரை நான் லேசில் மறக்க மாட்டேன்.

ரிலீஸ் நாள் பற்றியும் பேச்சு வரலாம். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ரிலீஸ்களுக்கு வெள்ளிக்கிழமை என்பது வழக்கம். ரிலீசுக்கு ஏழு நாள் முன்பாவது ஸ்பாட்டிஃபையில் பாடலைப் பரிந்துரைத்தால்தான், கலைஞரைப் பின்தொடர்பவர்களுக்கு அது தொகுத்துத் தரும் புதுப் பாடல்களின் பட்டியலான ரிலீஸ் ரேடாருக்கு நாம் தேர்ந்தெடுத்த பாடல் போகும். ஆக, கேட்லாக்கில் தகவல் ஒரு வாரம் தாமதமானால் அடிபடுவது கலைஞர்தான். இதைத் தெரிந்து வைத்திருந்தால் போதும், விளம்பர உத்திகளெல்லாம் உங்களிடம் எதிர்பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் பாடுவதை மறைக்காதீர்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கப் போகிறது, மறைத்ததுதான் தவறாகத் தெரியும். தன் பாட்டை வெளியிட இந்த வேலையைக் குறுக்கு வழியாகப் பிடிக்கிறாரோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வரும், அது நியாயமான சந்தேகம். அதனால் பாட்டைப் பற்றிப் பேசாமல், அதை வெளியிட்ட வேலையைப் பற்றிப் பேசுங்கள். செயலிகளுக்குப் பாடலை அனுப்பித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஏற்றியபோது என்ன தகவல் கேட்டார்கள், எது திருப்பி அனுப்பப்பட்டது, கூடப் பாடியவரோடு பங்கை எப்படி எழுதி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். டெமோவை யாரிடமும் நீட்ட வேண்டாம், கேட்டாலும் இன்னொரு நாள் என்று சொல்லிவிடுங்கள். வேலை கிடைத்தால் ஒப்பந்தத்தில் ஒரு இடத்தை நிதானமாகப் படியுங்கள்: வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம், வெளியே நிகழ்ச்சி செய்யலாமா என்ற இடம். தெளிவில்லாவிட்டால் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அந்த வீட்டுப் பயிற்சி. தப்புகள் உள்ள ஒரு பட்டியலைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள். ஒன்றிரண்டு மணி நேர வேலை, உங்கள் கவனத்தைக் காட்ட அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆனால் வெளிவரப்போகும் ஆல்பத்துக்கு முழுத் திட்டம் கேட்பது பயிற்சி அல்ல, வேலை. முன்பு உங்களிடம் அப்படி வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் போனது அநியாயம். படைப்பவருக்குக் கூலி சேர்ப்பதைத் தொழிலாக வைத்திருக்கும் துறை, புதிதாக வருகிறவரின் உழைப்பை இனாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கும் அப்படிக் கேட்டால், "இதை நிறுவனம் பயன்படுத்துமா, எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பயன்படுத்துவோம் என்றால் ஊதியம் உண்டா என்றும் கேட்கலாம். பதில் மழுப்பலாக இருந்தால், இரண்டு பக்கத்தில் உங்கள் யோசனையின் போக்கை மட்டும் எழுதி, பெயரும் தேதியும் போட்டு அனுப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

முடிந்ததும் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். இதே கேள்வியோடு இன்னும் சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.