மீ 262 ஓடுபாதையை விட்டு எழ மறுக்கிறதா?

கேள்வி: விமான சிமுலேட்டரில் இத்தனை நாள் இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் புரொப்பல்லர் விமானமான ஸ்பிட்ஃபயர் ஓட்டிப் பழகிவிட்டு, இப்போது அதே போரின் ஜெர்மன் ஜெட் போர் விமானமான மெசர்ஸ்மிட் மீ 262 எடுத்திருக்கிறேன். எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோலான த்ராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் தீப்பிடிக்கிறது. தப்பித்தவறி ஓடத் தொடங்கினாலும், பாதை முடிந்து மரங்களில் போய் மோதுகிறேன். எங்கே தவறு?

பதில்: கை ஸ்பிட்ஃபயருக்குப் பழகியிருக்கிறது, அதுதான் சிக்கல். அதில் த்ராட்டிலைக் கொடுத்த உடனே புரொப்பல்லர் காற்றை வாரி வாலின் மீது அடிக்கும். விமானம் நகரும் முன்பே, அதை இடம் வலமாகத் திருப்பும் வால் சுக்கான் உயிர்பெற்றுவிடும். மீ 262-இல் அந்தக் காற்று கிடையாது. வேகம் வரும்வரை வால் வெறும் தகரம்தான்.

இதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1942 ஜூலை 18 அன்று ஜெர்மனியின் லைப்ஹைமில் சோதனை விமானி ஃபிரிட்ஸ் வெண்டல் மீ 262-ஐ முதன்முதலாக ஜெட் எஞ்சின்களை மட்டும் நம்பி ஓட்டினார். அந்த முன்மாதிரிக்கு வாலில்தான் சக்கரம். எவ்வளவு ஓடியும் வால் எழவில்லை. மணிக்கு சுமார் 180 கி.மீ. வேகத்தில் அவர் பிரேக்கை லேசாகத் தட்டினார். மூக்கு தாழ்ந்தது, வால் எழுந்தது, விமானம் பறந்தது. பிறகுதான் மூக்குச் சக்கரம் வந்தது. உங்களுக்கு அந்தத் தட்டு தேவையில்லை.

இப்போது த்ராட்டில். இந்த விமானத்தின் ஜெட் எஞ்சினான ஜூமோ 004-இன் சுழலி மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும். நெம்புகோலைச் சட்டென்று தள்ளினால் எரிபொருள் முந்திக்கொள்ளும், காற்று பின்தங்கும், டர்பைன் வெந்துபோகும். நிக்கல், குரோமியம் தட்டுப்பாட்டில் செய்த எஞ்சின் அது; நிஜத்திலேயே 25 மணி நேரம் தாங்கினால் பெரிது. ஆகவே நிமிடத்துக்கு 6,000 சுற்று வரும்வரை நெம்புகோலை நகத்தளவு நகர்த்தி, சுற்றுமானியின் முள் வந்து சேர்ந்த பிறகே அடுத்த நகத்தளவு. அதற்கு மேல் கொஞ்சம் தாராளமாகத் தள்ளலாம். ஜாய்ஸ்டிக் அமைப்பில் த்ராட்டிலின் கீழ்ப்பாதியை மந்தமாக்கி வைத்தால் கை நடுங்கினாலும் கெடாது.

சரி, ஓடுபாதைக்கு வருவோம். தொடங்கும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், பாதையின் கடைக்கோடியிலிருந்தே கிளம்புங்கள். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப் 20 டிகிரி. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இரண்டு எஞ்சின்களையும் 8,700 சுற்றுக்கு ஏற்றி, இரண்டு முள்ளும் ஒன்றாக நிற்பதைப் பார்த்த பிறகு விடுங்கள். முதலில் ஆமை வேகம்தான்: எஞ்சினுக்கு சுமார் 900 கிலோ உந்துவிசை, இழுக்க வேண்டிய எடையோ ஆறு டன்னுக்கு மேல். மூக்குச் சக்கரத்தைச் சுக்கான் திருப்பாது. தொடக்கத்தில் இடது வலது பிரேக்கைத் தொட்டுத்தொட்டுத்தான் நேராக்க வேண்டும். தொட்டால் போதும், மிதித்தால் சேர்த்த வேகம் போய்விடும்.

மரத்தில் மோதுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரமாக ஸ்டிக்கை இழுப்பது. மூக்கு வானம் பார்த்தால் இறக்கையே காற்றுக்குத் தடையாகி, வேகம் ஏறவே ஏறாது. வேகம் மணிக்கு 180 கி.மீ.-ஐத் தாண்டி 200-ஐ நெருங்கும்போது மூக்குச் சக்கரம் தரையை விடும் அளவுக்கு மட்டும் இழுத்து, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். விமானம் தானாகவே மிதந்து எழும்.

எழுந்ததும் சக்கரத்தை உள்ளே இழுங்கள், மட்டமாகவே பறந்து வேகம் சேருங்கள், ஃபிளாப்பை அப்புறம் படிப்படியாக மடக்குங்கள். ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த நேரத்தில் த்ராட்டிலைத் தொடாதீர்கள், சட்டென்று பின்னால் இழுத்தாலும் எஞ்சின் அணைந்துவிடும். முதல் சில நாள் எரிபொருளைப் பாதியாகக் குறைத்துப் பழகுங்கள்; பாதை மிச்சமாவது கண்ணுக்கே தெரியும்.