நோய் குணமான பிறகும் சில கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியவை. சின்ன வயதில் வந்துபோன நோய், பிள்ளையின் மூளையில் எதையாவது விட்டுச் சென்றிருக்குமா? சில நோய்கள் விட்டுச் செல்லும், சில விட்டுச் செல்லாது. எது எந்த வகை என்று தெரியாததால்தான் பிள்ளைகள் வீணாகத் திட்டு வாங்குகிறார்கள், பெற்றோர் வீணாகப் பயப்படுகிறார்கள்.

மகனுக்கு நாலு வயதில் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய். மூன்று வருட சிகிச்சை முடிந்து ஏழு வருடமாக நன்றாக இருக்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை நல்ல மார்க். இப்போது ஒன்பதாவதில் பரீட்சையில் பாதிதான் எழுதுகிறான். வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். சோம்பேறித்தனமா டாக்டர்?

சோம்பேறித்தனம் இல்லை. தயவுசெய்து அந்தச் சொல்லை வீட்டில் நிறுத்திவிடுங்கள்.

லுக்கீமியா செல்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் ஒளிந்துகொள்ளும். அதனால் முதுகில் ஊசி போட்டு மெத்தோட்ரெக்சேட் மருந்தை நேரடியாக அங்கேயே செலுத்துவார்கள். அவன் உயிரைக் காப்பாற்றியதில் அந்த ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த மருந்து ஃபோலேட் சத்தின் வேலையைத் தடுக்கக்கூடியது. நரம்பிழைகளின் மேல், செய்தி வேகமாகப் போக உதவும் மயலின் என்ற கொழுப்பு உறை படிந்துகொண்டிருக்கும் வயதில், சில பிள்ளைகளுக்கு அந்த உறை படிவது பாதிக்கப்படும். இதில் அறிவோ பேச்சோ பெரும்பாலும் குறையாது. அடிபடுவது வேகம், கவனம், ஒரு விஷயத்தை மனதில் நிறுத்திக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் திறன். போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால், மற்ற பிள்ளை ஒரு வரியை மனதில் வாங்கிக்கொண்டு குனிவான். இவன் ஒவ்வொரு சொல்லுக்கும் நிமிர்ந்து பார்ப்பான். ஐந்தாம் வகுப்பில் அது யார் கண்ணிலும் படாது. ஒன்பதாவதில் பாடமும் கூடி, நேரமும் இறுகும்போதுதான் தெரியவரும்.

பழைய ஃபைலை எடுத்து, தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா என்று பாருங்கள். 1970களில் 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வழக்கமான அளவாக இருந்தது. இப்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சே கொடுப்பதில்லை. கொடுத்திருந்தால் பாதிப்பு கூடுதலாக இருக்கும். அப்புறம், நினைவு, கவனம், வேகம் போன்ற திறன்களை அளக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஐ.க்யூ. மொத்த எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். வேகமும் செயல் நினைவும் (ஒன்றை மனதில் நிறுத்திக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் திறன்) தனியாக எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் உரிய சான்று பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் போன்ற சலுகைகள் உண்டு. அவனுக்குப் பொருந்துமா என்பதைப் பத்தாம் வகுப்பு தொடங்கும் முன்பே பள்ளியில் கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் அலைந்தால் கிடைக்காது.

ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சலோடு இரண்டு நிமிடம் வலிப்பு வந்தது. மூளை வளராது என்று மாமியார் சொல்கிறார்கள்.

வளரும். நிம்மதியாக இருங்கள். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை, 100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. 15 நிமிடத்துக்குள் நின்று, ஒரே நாளில் மறுபடி வராமல், உடல் முழுக்க வந்த வலிப்பு என்றால் அறிவையோ படிப்பையோ பாதிக்காது. மூன்றில் ஒரு பிள்ளைக்குத் திரும்ப வரலாம். அப்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

முன்பெல்லாம் இதற்கு ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தைத் தினமும் வருடக்கணக்கில் கொடுப்பார்கள். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அந்த மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் ஐ.க்யூ. சுமார் 8 புள்ளி குறைந்திருந்தது. வலிப்பையும் அது பெரிதாகத் தடுக்கவில்லை. ஆக, அந்த வலிப்பைவிட மருந்துதான் மூளையைத் தொட்டது.

குழந்தைக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு. பத்தாம் நாளிலிருந்து மாத்திரை. இப்போது எட்டு மாதம், துறுதுறுவென்று இருக்கிறாள். நிறுத்தலாமா?

கூடாது. துறுதுறுவென்று இருப்பதே மாத்திரையால்தான். முதல் மூன்று ஆண்டுகள் மூளைக்குத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. மூன்று வயதுக்குப் பிறகு, சில பிள்ளைகளுக்கு மட்டும், டாக்டரே நிறுத்திப் பார்ப்பார். இரும்பு, கால்சியம் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், உடம்பில் சேராது.

ஆறு வயதில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் ஆபரேஷன். சின்னப் பிள்ளை, மூளை தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். இப்போது பதிமூன்று. சட்டென்று கோபம், எந்த வேலையையும் முடிப்பதில்லை.

வயது குறைவாக இருந்தால் மூளை நன்றாகத் தேறும் என்ற நம்பிக்கை டாக்டர்களிடமே வெகுகாலம் இருந்தது. தலைக்காயத்தில் அது எப்போதும் பலிப்பதில்லை. திட்டமிடுவதும் கோபத்தை அடக்குவதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியின் வேலை. அது இருபது வயது தாண்டியும் முதிர்கிறது. ஆறு வயதில் அந்தத் திறமைகளை யாரும் எதிர்பார்க்காததால் குறை தெரியாது. விடலைப் பருவம் மட்டும்தான் காரணம் என்று விட்டுவிடாமல், பழைய ஸ்கேனோடு மதிப்பீட்டுக்குப் போங்கள். வேலையைச் சிறு சிறு படியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு படி முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நாலு வயதுக்கு மேல் பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். பெட்ரோல் டேங்க் மேல் வெறுந்தலையோடு உட்காரவைத்துப் போகிறவர்களை இன்றும் தினமும் பார்க்கிறேன்.

இரண்டு வயதுப் பேரனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து குணமாகி ஒரு மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிடிவாதம் என்கிறார்கள்.

அம்மா, முதலில் காது. பாக்டீரியா மூளைக்காய்ச்சலிலிருந்து மீளும் 10 பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவருக்குக் கேட்கும் திறன் குறைகிறது. உட்காதின் நத்தைக்கூடு சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால், கேட்க உதவ உட்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துவது கடினம். அதனால் பெரா (BERA) என்ற கேட்கும் திறன் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். கருவி தேவைப்பட்டால், தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில், வளர்ச்சிக் குறைகளைச் சிறுவயதிலேயே கவனிக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (DEIC) விசாரியுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.