ஹெர்பேரியம் பதிவுகள் நிறைய இருந்தால் மரமும் நிறைய இருக்கிறது என்று அர்த்தமா?

அமேசான் காட்டின் பாவ் ரோசா மரத்துக்கு (அனிபா ரோசியோடோரா) இணையத்தில் இத்தனை ஹெர்பேரியம் (உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேமிக்கும் காப்பகம்) பதிவுகள் இருக்கும்போது, அதை அழியும் நிலையிலுள்ள மரம் என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே எண்ணப்படுவது மரங்கள் அல்ல, உலர்ந்த கிளையை ஒட்டிவைத்த தாள்கள். சேகரிக்கப் போகிறவர் ஒரே மரத்திலிருந்து நாலைந்து கிளைகளை வெட்டி உலர்த்துவார். எல்லாவற்றுக்கும் ஒரே சேகரிப்பு எண்தான். ஒன்று பிரேசிலின் அமேசான் நகரமான மனாவுஸில் தங்கும், மற்றவை பெலேம், ரியோ, நியூயார்க், லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் என்று பிரிந்து போகும். ஒவ்வொரு ஹெர்பேரியமும் தன் தாளைத் தனியாகக் கணினியில் ஏற்றுவதால் ஒரு மரம் ஐந்து பதிவாகிவிடும். சேகரித்தவர் பெயர், எண், தேதி மூன்றையும் வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள், பட்டியல் சுருங்கிவிடும்.

அடுத்தது ஆண்டு. தாவரவியலாளர் அடோல்ஃபோ டுக்கே இந்த இனத்துக்குப் பெயரிட்டது 1930-ல். அதற்கு முன்பிருந்தே வாசனைத் திரவியத் தொழிலுக்காக இதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். லினலூல் என்ற வாசனைப் பொருள் நிறைந்த எண்ணெய் அடிமரத்திலேயே இருப்பதால் முழு மரத்தையும் சாய்த்துத்தான் வடிப்பார்கள். ஆகவே 1930-களின் தாள் ஒன்று இருந்தால், அன்று அங்கே மரம் நின்றது என்பது மட்டுமே உறுதி. மரம் போனாலும் பதிவு போகாது. 2010-ல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள்.

பதிவுகளின் இடங்களைக் காட்டும் வரைபடத்தில் மனாவுஸைச் சுற்றிப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். டுக்கே பெயரிலுள்ள காப்புக்காடு நகரத்தை ஒட்டியே இருக்கிறது, ஆராய்ச்சியாளர்கள் ஓயாமல் போய்வரும் இடம். பழைய லேபிளில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால், பின்னாளில் யாராவது ஊர் நடுவிலேயே புள்ளி வைத்திருக்கவும் கூடும்.

பெயர்ச் சிக்கல் வேறு. இலவங்கப்பட்டை, அவகாடோ எல்லாம் இதே குடும்பம்தான். இலையை மட்டும் வைத்து இந்தக் குடும்பத்தில் இனம் பிரிப்பது பெரிய தலைவலி. பூவோ சில மில்லிமீட்டர்தான், அதன் மகரந்தப் பையில் எத்தனை அறை என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். பூ இல்லாத தாளாக இருந்தால், பெயரை உறுதிசெய்தவர் யார், எந்த ஆண்டில் என்று பார்க்காமல் நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அப்புறம், இதே மரத்துக்கு இருந்த அனிபா டுக்கெய் என்ற பழைய பெயரிலும் தேடுங்கள். சில தாள்கள் இன்னும் அந்தப் பெயரிலேயே கிடக்கலாம்.