பைப் கேஸும் சிலிண்டரும்: மும்பை அடுப்படிக் கேள்வி பதில்

செம்பூரிலும் முலுண்டிலும் பல அடுக்குமாடி சொசைட்டிகளுக்குப் பைப் கேஸ் வந்துவிட்டது. சால் எனும் வரிசை அறைக் குடியிருப்பு வீடுகளில் இன்னும் சிலிண்டர்தான். அடுப்பு வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே கேஸைப் பீய்ச்சும் சிறு துளை கொண்ட ஜெட் வேறு. வந்த கேள்விகளில் பாதி இதைப் பற்றியே.

செம்பூர்: பைப் கேஸுக்கு மாறியதும் தீ சின்னதாகிவிட்டது. இட்லி வேக நேரமாகிறது. ஜெட்டை ஊசியால் குடைந்து பெரிதாக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரியா, சார்?

விடாதீர்கள் அம்மா. பழுது தீயில் இல்லை, ஜெட்டின் அளவில் இருக்கிறது. சிலிண்டர் கேஸ் ரெகுலேட்டரைத் தாண்டி சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வரும். பைப் கேஸ் 21 மில்லிபாரில் வரும். ஒரு கன மீட்டர் பைப் கேஸை எரித்தால் கிடைக்கும் சூடும், சிலிண்டர் கேஸில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் பைப் கேஸுக்குத் துளை பெரிதாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் கையால் குடைந்த துளை வட்டமாக அமையாது. கேஸ் நேராகப் பீய்ச்சாமல் சாய்ந்து போகும், தேவையான காற்றை இழுக்காது, தீ மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி அப்பும்.

ஜெட் என்பது பர்னர் குழாயின் வாயில் திருகியிருக்கும் சின்னப் பித்தளை ஆணி. பெரிய பர்னருக்கு ஒன்று, சின்னதற்கு வேறொன்று. உங்கள் அடுப்பின் மாடலைச் சொல்லி, பைப் கேஸுக்கான ஜெட்டையே கேட்டு வாங்கி மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய இடத்தில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் திருகு சரியாக இறுகவில்லை. புது அடுப்பே வாங்குவதானால் ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 17153 முத்திரை பாருங்கள், அது பைப் கேஸ் அடுப்புக்கானது. சிலிண்டர் அடுப்புக்கு ஐ.எஸ். 4246.

டோம்பிவிலி: அடுத்த மாதம் திருநெல்வேலிக்கே திரும்புகிறோம். இங்குள்ள பைப் கேஸ் அடுப்பைக் கொண்டுபோய் அங்கே சிலிண்டரில் மாட்டலாமா?

ஜெட்டை மாற்றாமல் ஒரு நாளும் மாட்டாதீர்கள். செம்பூர் அம்மாவுக்குத் தீ சிறுத்தது. உங்களுக்கு நேர்மாறாக நடக்கும். பெரிய துளை வழியாகச் சிலிண்டர் கேஸ் பாய்ந்தால் தீ மஞ்சளாக ஓங்கி எழும், கைப்பிடியும் நாபும் கருகும். இரண்டில் இதுதான் ஆபத்தானது. மூட்டை கட்டும் முன்பே சிலிண்டருக்கான ஜெட்டைப் போட்டு, அடுப்பின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மாட்டுங்கா: சிலிண்டர் அடுப்புதான். தீ சில சமயம் மஞ்சள், சில சமயம் ஆரஞ்சுப் பொறி. இரண்டும் ஒன்றா?

இல்லை. நீலத் தீயில் அங்கங்கே ஆரஞ்சுப் பொறி பறந்தால் அது பொங்கி வழிந்த உப்பு, தூசி, கவலை வேண்டாம். நுனி முழுக்க மஞ்சளாக அசைந்து பாத்திரம் கறுத்தால் காற்று போதவில்லை. அப்படி எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வரும், ஜன்னலைச் சாத்திச் சமைக்காதீர்கள். பித்தளைப் பர்னரைக் கழற்றி, புளி கரைத்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் தேய்த்து, துளைகளைக் குண்டூசியால் நீவுங்கள், பெரிதாக்காமல். ஈரம் முழுக்கக் காய்ந்தபின் அதன் இடத்தில் ஆடாமல் உட்காரவையுங்கள். கோணலாக உட்கார்ந்தால் தீ ஒரு பக்கம் ஒதுங்கும். அதற்குப் பிறகும் மஞ்சள் போகாவிட்டால் காற்று வரும் துளையில் ஒட்டடை இருக்கலாம்.

தாராவி: ராத்திரி கேஸ் வாடை வந்தால் முதலில் என்ன செய்வது, அண்ணா? எக்ஸாஸ்ட் போட்டுவிடலாமா?

கூடாது, தம்பி. எக்ஸாஸ்ட், விளக்கு, மிக்ஸி எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஸ்விட்சுக்குள் தெறிக்கும் சிறு பொறியே போதும். அடுப்பின் நாபுகளை மூடி, ரெகுலேட்டரை அணைத்து, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து, ஆட்களை வெளியேற்றி, வெளியே நின்று சிலிண்டர் கேஸ் அவசர எண்ணான 1906-க்குப் போன் செய்யுங்கள்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, வாசல் கதவும் திறந்திருக்க வேண்டும். பைப் கேஸ் லேசானது, கூரையடியில் சேரும். அதற்கு மேலே உள்ள திறப்பே முக்கியம். பைப் வீட்டில் வால்வுக் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியது என்று பொருள்.

முலுண்ட்: பைப் கேஸ் பில் ஏறிக்கொண்டே போகிறது. கசிவா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். எல்லா பர்னரையும் அணைத்துவிட்டு, வால்வைத் திறந்தே வைத்து, மீட்டரின் கடைசி எண் வரை குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்துப் பாருங்கள். கடைசி எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கு அப்பால் கசிகிறது. உடனே வால்வை மூடி, பில்லில் உள்ள அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.

சயான்: சிலிண்டர் சீக்கிரம் தீருகிறது. எங்கே வீணாகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க சுமார் 10 கிராம் கேஸ் போதும். 2 கிலோவாட் பர்னர் முழுத் தீயில் மணிக்கு 155 கிராம் எரிக்கும். கொதி வந்தபிறகு தீயைக் கூட்டினால் பருப்பு வேகம் பிடிக்காது, திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. கூடுதல் கேஸ் எல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போகும். குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம்முக்கு இறக்குங்கள். துவரம்பருப்பை அரை மணி ஊறவையுங்கள். தீ பாத்திரத்தின் அடியை விட்டு வெளியே வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் அது கைப்பிடியைத்தான் சுடுகிறது. அளவு குறைந்த பாத்திரத்துக்குச் சின்ன பர்னர் போதும்.

கடைசிக் கேஸுக்காகச் சிலிண்டரைச் சாய்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். திரவமாகவே ரெகுலேட்டருக்குள் புகுந்தால் தீ சட்டென்று ஓங்கும்.

கோலிவாடா: டியூப்பை எலி கடிக்கிறது. மேலே துணி சுற்றலாமா?

துணி சுற்றினால் வெடிப்பும் கடியும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே கம்பி வலை உள்ள, ஐ.எஸ்.ஐ முத்திரை பெற்ற ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் வாங்குங்கள். அதில் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்து ஆண்டானால் மாற்ற வேண்டும். கடித்த தடம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.