கறிவேப்பிலை அழகி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் இருக்கிறோம். நடைவழியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி உண்டு. போன மாதம் நம் தேசிய வண்ணத்துப்பூச்சியான ரோஜா அழகி வந்து அந்தச் செடியையே சுற்றிச் சுற்றிப் பறந்தது. எட்டு வயது மகள் கைப்பேசியில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பிறகு அது வரவேயில்லை. செடியில் பறவை எச்சம் போல அருவருப்பான புழுக்கள் வந்து தளிரெல்லாம் தின்றன. வேப்பெண்ணெய் தெளித்து ஒழித்தேன். அந்த அழகியைத் திரும்ப வரவழைக்க என்ன பூச்செடி வைக்கலாம்? மகளுக்கு எந்த கேமரா வாங்கலாம்? அழகை ரசிக்கும் மனத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியுமா?

க., ஈசூன்

அன்புள்ள க.,

கேமரா இருக்கட்டும். நீங்கள் ஒழித்த எச்சப் புழுக்கள், உங்கள் மகள் படமெடுத்த பூச்சியின் பிள்ளைகள். படித்ததும் கோபம்தான் வந்தது. ஆனால் நீங்கள் தெரிந்து செய்யவில்லை. இறகை மட்டும் பிள்ளைகளுக்குப் படம் படமாகக் காட்டுகிறோம். புழுவை யாரும் காட்டுவதில்லை.

வந்தது ரோஜா அழகியும் இல்லை. படத்தைப் பெரிதாக்கி உடலைப் பாருங்கள். 2015இல் இயற்கைச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வான ரோஜா அழகிக்குத் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பாக இருக்கும். உங்கள் படத்தில் உடல் முழுக்கக் கறுப்பு. அது கறிவேப்பிலை அழகி என்ற வேறு இனத்தின் பெண் பூச்சி. ரோஜா அழகியின் புழு ஈசுவரமூலி இனத்துக் கொடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பைக் கண்டால் விலகிவிடும். நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண், பின்னிறகில் அதே வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளுமாக வேடமிட்டுத் தப்பிக்கிறது. ஆணுக்கு இந்த வேடம் கிடையாது. கறுப்பு இறகில் ஒரு வரிசை வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கிப் புக்கித் தீமாவில் பூச்சி சேர்த்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், இப்படி ஒரே இனத்துப் பெண்கள் வெவ்வேறு உருவில் இருப்பதை 1865இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அவரைத் திகைக்க வைத்தது உங்கள் தொட்டிக்கே வந்திருக்கிறது.

அது ஏன் செடியைச் சுற்றியது? முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்க்கும். கறிவேப்பிலை, எலுமிச்சைக் குடும்பத்து இலைதான் என்று கால் சொன்னதும் வயிற்றை வளைத்து, கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டையைத் தளிரில் ஒன்று வைக்கும். பிறகு வேறு தளிர், இன்னொரு முட்டை. மூன்று நாள் போலக் கழித்துப் புழு வரும். நான்கு முறை தோல் உரிக்கும். கடைசித் தோல் வரும்வரை பழுப்பில் வெள்ளைக் கறை தீற்றிய எச்சத் தோற்றம்தான்; பறவைக்கு எச்சத்தைத் தின்ன மனம் வராது. உங்களை அருவருக்க வைத்த அதே உருவம்தான் இதுநாள்வரை அதன் உயிரைக் காப்பாற்றி வந்தது. கடைசி உரிப்பில் இலைப் பச்சையாகி, முதுகில் போலிக் கண்களோடு நிற்கும். அப்போது மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குப் போலச் சிவந்த கவைக் கொம்பு நீளும், ஒரு நெடியடிக்கும். பிறகு கூட்டுப்புழுவாகி ஒரு வாரத்துக்கு மேல் அசையாமல் இருக்கும். முட்டையிலிருந்து இறகுவரை ஏறக்குறைய ஒரு மாதம்.

இனி வேப்பெண்ணெய். இயற்கை மருந்துதானே என்பீர்கள். தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனையே அது குலைக்கிறது. புழு பழைய தோலுக்குள் சிக்கி, தின்னவும் முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகிறது. தொட்டி மண்ணில் இடும் குருணை மருந்து இன்னும் மோசம். வேர்வழி ஏறி வாரக்கணக்கில் இலையிலேயே தங்கும். அந்த இலையைத்தான் ரசத்திலும் போடுகிறீர்கள்.

சமையலுக்கு இலை வேண்டுமென்றால் இரண்டு தொட்டி வையுங்கள். சமையல் தொட்டியைக் கொசுவலைத் துணியால் மூடி அடியில் கயிறு கட்டுங்கள், மருந்தே வேண்டாம். மற்றதை அந்த அழகிக்கு விட்டுவிடுங்கள். முழங்கால் உயரச் செடி இரண்டு மூன்று புழுவுக்குத்தான் தாங்கும், ஏனென்றால் பச்சைப் பருவத்தில்தான் பெருந்தீனி. தொட்டிகளுக்கு அப்பால் நடைவழியில் 1.2 மீட்டர் வழி விடுங்கள், தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

மகள் வீட்டுக்குள் வளர்க்க ஆசைப்பட்டால் வலைமூடி போட்ட பெட்டி நல்லது. இறுக்கமான பிளாஸ்டிக் மூடி என்றால் வியர்த்து, புழுவின் கழிவில் பூஞ்சை பிடித்துப் புழு கறுத்துச் செத்துவிடும். அடியில் டிஷ்யூ விரித்துத் தினமும் மாற்றுங்கள். காம்பை ஈர டிஷ்யூவில் சுற்றுங்கள். திறந்த தண்ணீர்க் குவளையில் புழு விழுந்து மூழ்கும். தேக்கா சந்தையில் வாங்கிய இலையைக் கொடுக்காதீர்கள், அதில் மருந்து இருக்கலாம். அசையாமல் கிடந்தால் தோலுரிக்கப் போகிறது, இடம் மாற்ற வேண்டாம். ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். கூட்டுப்புழுவாகும்போது புழு அதில் நூல் பின்னி இடுப்பில் கயிறு கட்டியதுபோல் நிற்கும். வெளிவரும்போது யாரும் கூட்டை உரித்து உதவக்கூடாது. கசங்கிய இறகு கீழ்நோக்கி இருக்கும்படி பற்றித் தொங்கி, உடல்நீரை இறகு நரம்புகளில் செலுத்தி விரிக்கும். தொங்க இடமில்லாமல் கீழே விழுந்தால் இறகு சுருங்கியபடியே இறுகிவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. சொட்டும் கழிவுநீரைக் கண்டு மகள் பயப்பட வேண்டாம். சில மணி நேரம் உலரட்டும், அப்புறம் வெளியே விடுங்கள்.

பூச்செடி கேட்டீர்கள்: இட்லிப்பூ, சீமை நாயுருவி. ரோஜா அழகிக்காக ஈசுவரமூலிக் கொடி வைக்க நினைத்தால் ஒன்று கவனியுங்கள். அந்த இனத்திலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாட்டி வைத்தியம் என்று யாரும் கஷாயம் போட்டுவிடக் கூடாது. கேமராவுக்குக் கைப்பேசி போதும். நிழல் பூச்சிமேல் விழாமல் நிற்கச் சொல்லுங்கள். ரசனையைக் கற்றுத்தருவது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடிப்போய்ப் படமெடுத்தவள் அவள்தானே.

எண்ணெய் பட்ட கிளைகளை வெட்டிவிடுங்கள். புதுத் தளிர் வந்ததும் காலையில் மகளோடு இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் மணி ஒன்று இருந்தால் தேதியைக் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.