விஜயநகரத்தில் கடன் ஏறுகிறதா? இதைப் பாருங்கள்

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற கணினி வியூக விளையாட்டில் விஜயநகரத்தை எடுத்து, பக்கத்து பாமினி சுல்தானகத்தோடு மோதி, 1450-க்குள் கடனில் மூழ்கிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் மூன்று முறை மூழ்கியவன்தான், கவலைப்படாதீர்கள். சொந்த ஊர்ப் பாசம் எல்லாருக்கும் வரும், ஆனால் முதல் ஆட்டத்துக்கு உதுமானியரை (ஒட்டோமான் துருக்கியரை) எடுங்கள். 1444 நவம்பரில் ஆட்டம் தொடங்கும்போதே படை பெரிது, பக்கத்து பைசாந்தியம் சின்னது, நாலு தப்பு செய்தாலும் தாங்கும்.

பணம் கரைவது பெரும்பாலும் படைப் பராமரிப்பில்தான். சண்டை இல்லாதபோது அந்தச் செலவைக் கூட்டிக் குறைக்கும் பட்டையைக் (slider) கீழே இறக்குங்கள், போருக்குச் சில மாதம் முன்பே மறுபடி ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மனவுறுதி இல்லாமல் முதல் மோதலிலேயே ஓடிவிடுவார்கள். அப்புறம், மலையில் நிற்கும் எதிரியைப் போய்த் தாக்காதீர்கள். சண்டையில் ஆட்டம் உருட்டும் பகடையில் தாக்குபவருக்கு 2 குறையும், ஆறு கடந்து போனால் இன்னொரு 1. ஊட்டிப் பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதையில் கீழிருந்து ஏறுகிற வண்டியின் நிலைமைதான்! எதிரியை உங்கள் மலைக்கு வரவழையுங்கள்.

குன்னூர் என்கிறீர்கள், நான் கோத்தகிரி. மழைக்காலத்தில் கரண்ட் போவது தெரிந்ததுதானே, தானியங்கிச் சேமிப்பை (autosave) ஆட்டத்து மாதம் ஒருமுறை என்று மாற்றி வையுங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு ராத்திரியில் கான்ஸ்டான்டினோபிளையே இழந்தேன்.